முட்டை வெள்ளையும் சவிரி அண்ணையின் சிறுநீரகமும்

போன சனிக்கிழமை. பேர்லின் நொய்கெல்னில் ஒரு தமிழ்க்கடை. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன் — தோளில் ஒரு கை.

"அண்ணை, பேப்பரில எழுதுறது நீங்கள்தானே?"

இந்த மூலையில் என் படத்தைப் போடத் தொடங்கிய நாளிலிருந்து இந்தத் தொல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். வாயால் ஓம் என்று சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம்.

அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடிதம் ஒன்றை எடுத்தார். ஏதோ அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்தது. ஒரு சொல்லின் கீழே பேனையால் இரண்டு கோடு.

"இதுக்கு என்ன கருத்தெண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்."

பார்த்தேன். ஒரே சொல், ஒரு வரி நீளம். ஜேர்மன்காரர் சொற்களை ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடு ஒன்று கொழுவிவிடுவார்கள். முதல் பெட்டி தெரிந்தது. கடைசிப் பெட்டியும் தெரிந்தது. நடுவில் இரண்டு பெட்டி... இருட்டு.

போன வருடம் என்றால் சொல்லியிருப்பேன். முன்னுக்கும் பின்னுக்கும் இருப்பதை வைத்து நடுவை நானே கட்டியிருப்பேன்.

"எனக்குத் தெரியாது தம்பி."

"தெரியாதோ? இவ்வளவெல்லாம் எழுதுறியள்?"

"நான் எழுதுறது தமிழில."

கடிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். அரிசி மூட்டைக்குப் பின்னால் யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. "பெரிய ஆள். உதவி செய்யப் பஞ்சி."

கோபம் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. 'எனக்குத் தெரியாது' — இரண்டே சொல். இதை வாய்விட்டுச் சொல்லப் பழக எனக்கு இந்த வருடத்தில் பாதி போய்விட்டது. இன்னொருவருடைய சிறுநீரகத்தில் பழகினேன். அந்தக் கதையை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஓர் உண்மை. ஆறு வருடமாக இங்கே எழுதுகிறேன். நீங்கள் கடிதம் போடுகிறீர்கள். 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்குகிறீர்கள். சிலர் 'மாஸ்டர்' என்றுகூட எழுதுகிறீர்கள் — ஊரில் வாத்தியாராக இருந்திருப்பேன் என்ற நினைப்பு. நான் ஒருநாளும் மறுத்து எழுதியதில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழைகளை ஆசிரியர் திருத்துகிறார். எனக்கு வேலை பேர்லினில் ஒரு கேக் கடையின் பின்பக்கம், பதினாறு வருடமாக. என்ன வேலை? முட்டை உடைக்கிற வேலை.

மஞ்சளுக்கு ஒரு வாளி. வெள்ளைக்கு ஒரு வாளி. வெள்ளை வாளியில் கறுப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும் — ஐவைஸ். 'ஐ' என்றால் முட்டை. 'வைஸ்' என்றால் வெள்ளை. எழுதத் தெரியாத ஜேர்மன் சொல் எனக்கு ஆயிரம் உண்டு. ஆனால் இந்த ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். பதினாறு வருடமாகத் தினமும் பார்க்கிற சொல் அல்லவா?

வினை அந்த வாளியில்தான் இருந்தது.

சவிரி அண்ணை மன்னார்க்காரர். ('எழுதும், ஆனா பேரை மாத்தும்' என்றார். மாற்றியிருக்கிறேன்.) வந்த புதிதில் அகதி விடுதியில் ஒரே அறை. மேல்கட்டில் எனக்கு, கீழ்க்கட்டில் அவருக்கு. இப்போது பள்ளிக்கூடங்கள் துப்புரவாக்குகிற வேலை செய்கிறார். பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். காலையில் இன்சுலின் ஊசி.

முன்பெல்லாம் டொக்டரிடம் மகள் கூடப் போய் மொழிபெயர்ப்பாள். மகள் ரொறன்ரோவில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அங்கேயே மாப்பிள்ளையும் சரிவந்தது — ஒக்ரோபரில் கல்யாணம். ஆகவே ஜனவரியில் சிறுநீரக டொக்டரைப் பார்க்க ரெர்மின் — குறித்த நாள் — வந்தபோது, அண்ணையின் மனைவி திரேசா அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, நீர்தான் போக வேணும். பேப்பரில எழுதுற ஆளெல்லே."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கூச்சக்காரனுக்கு எது கூச்சம் என்று நினைக்கிறீர்கள்? ஓம் என்று சொல்வதைவிட இல்லை என்று சொல்வதுதான்.

டொக்டர் நல்ல மனுசன். ஆனால் வேகமாகக் கதைத்தார். கண் கொம்பியூட்டரில். சொற்கள் ஊபான் சுரங்க ரயில் மாதிரி வந்தன, போயின. நான் ஒன்றிலும் ஏறவில்லை. திடீரென்று ஒரு தெரிந்த முகம்...

ஐவைஸ்!

சிறுநீரில் ஐவைஸ் போகிறது என்றார். நிறையப் போகிறது. பிறகு கேட்டார் — சிறுநீர் நுரைக்கிறதா?

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நுரைக்காமல்? முட்டை வெள்ளையை அடித்தால் எப்படி நுரைக்கும் என்று இந்தப் பேர்லினில் என்னைவிட யாருக்குத் தெரியும்? எல்லாம் பொருந்திவிட்டது. கடைசியாக டொக்டர் சொன்னார் — ஐவைஸைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் மெசின். வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலைந்து மணித்தியாலம், இரத்தத்தைக் கழுவ.

"அண்ணை, முட்டை உங்களுக்கு ஒத்துக்கொள்ளேல்ல. முட்டை வெள்ளை கழிவில போகுதாம். முட்டையை விட்டுடுங்கோ."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"மெசின் வந்தா ரொறன்ரோ போக ஏலுமோ?"

டொக்டரிடம் கேட்டுச் சொன்னேன். போகலாம், ஆனால் அங்கேயும் ஒரு மெசினுக்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும், கஷ்டம் என்றார். அண்ணை மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். "முட்டைதானே. விட்டிட்டுப் போறன்."

டொக்டர் படம் போட்ட ஒரு தாளும் தந்தார். "எல்லாம் விளங்கியதா?" என்று கேட்டார். யா, யா என்றேன். இந்த நாட்டில் நான் அதிகமாகச் சொன்ன சொல் அதுதான்.

திரேசா அக்கா ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அரைகுறையாக விடமாட்டார். அன்று மாலையே வீட்டிலிருந்த முட்டையெல்லாம் பக்கத்து வீட்டுத் துருக்கிக் குடும்பத்துக்குப் போனது. முட்டை போட்ட பிஸ்கற் போனது. நூடில்ஸ் போனது. அக்காவின் தலைக்கு வைக்கிற முட்டை ஷம்பூ — மஞ்சள் போத்தல், படத்தில் ஒரு முட்டை — அதுவும் குப்பைக்குப் போனது.

"அதை அவர் குடிக்கவா போறார் அக்கா?"

"மணமே இந்த வீட்டில இருக்கக்கூடாது."

உயிர்ப்பு ஞாயிறன்று பாதர் கோயில் வாசலில் நின்று சாயம் பூசிய முட்டை கொடுத்தார். சவிரி அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நைன், டங்கே" — வேண்டாம், நன்றி. "சிறுநீரகம்." பாதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

முட்டையை விட்டால் மனுசன் மெலிந்துபோவார் அல்லவா? அதனால் அக்கா மற்றதையெல்லாம் கூட்டினார். காலையில் கோழிச் சூப். மத்தியானம் பருப்பும் மீனும். பின்னேரம் ஆட்டெலும்பு போட்டுக் காய்ச்சிய ரசம். கட்டித் தயிர். அண்ணையின் கன்னத்தில் கொஞ்சம் பளபளப்புக்கூட வந்தது. அது வீக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஒருநாள் அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்.

"தம்பி, உதில மீன் படமும் கிடக்குதே? இறைச்சியும் கீறியிருக்கு?"

நான் தாளை வாங்கி, வாசிக்கிற மாதிரி கண்ணை ஓட்டினேன். ஓட்டினேன், அவ்வளவுதான்.

"அது சாப்பிடலாம் எண்டு போட்டிருக்கு அக்கா."

எப்படிச் சொன்னேன்? இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது. 

ஜூன் மாதம். உதைபந்தாட்டக் காலம் — காருக்குக் கார் கொடி, தெருவெல்லாம் கூச்சல். சவிரி அண்ணையின் கால்கள் சப்பாத்துக்குள் போகவில்லை. நாடாவை அவிழ்த்துவிட்டு இழுத்து இழுத்து நடந்தார். இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் இந்த முறை கொம்பியூட்டரைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். கணக்குகள் மோசம். இப்படியே போனால் ஒக்ரோபருக்கு முன் மெசின். முதலில் சாப்பாட்டைப் பார்ப்போம் என்று அடுத்த அறைக்கு அனுப்பினார்.

அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற ஒரு பெண்மணி. நரைத்த தலை, தடித்த கண்ணாடி. ஃபிராவ் கெஸ்லர் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் பிளாஸ்ரிக் சாப்பாடு பரப்பி வைத்திருந்தார். பிளாஸ்ரிக் கோழிக்கால், மீன், பாண், பட்டாணி, தயிர்க் கோப்பை... முட்டையும் ஒன்று. 

ஒரு நாளில் சாப்பிடுவதைத் தட்டில் வையுங்கள் என்றார். 

அண்ணை உற்சாகமாகிவிட்டார். கோழிக்கால் வைத்தார். மீன் வைத்தார், இன்னொரு மீன் இருக்கிறதா என்று தேடினார். பருப்புக்குப் பதில் பட்டாணி. இறைச்சி. தயிர். தட்டு குவிந்தது. கடைசியில் அந்தப் பிளாஸ்ரிக் முட்டையை ஒற்றை விரலால் மேசையின் ஓரத்துக்குத் தள்ளி, நிமிர்ந்து பார்த்தார் — பரீட்சை எழுதி முடித்தவர் மாதிரி.

"கைன் ஐ!" முட்டை கிடையாது.

ஃபிராவ் கெஸ்லர் தட்டைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக என்னிடம் கேட்டார். இந்த முறை எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

"முட்டை சாப்பிடக்கூடாது என்று இவருக்கு யார் சொன்னது? கேளுங்கள்."

நான் மொழிபெயர்க்க வந்தவன். கேட்டேன்.

"அண்ணை... முட்டை சாப்பிடக்கூடாதெண்டு ஆர் சொன்னதெண்டு கேக்கிறா."

அண்ணை சிரித்தார். "இதென்ன கேள்வி? நீர்தானே சொன்னனீர்."

ஃபிராவ் கெஸ்லர் பேனையைப் பிடித்தபடி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"தானே பிழையாக விளங்கிக்கொண்டதாகச் சொல்கிறார்," என்றேன் ஜேர்மனில்.

ஜனவரிப் பிழை தெரியாமல் விட்டது. இது தெரிந்தே விட்டது. அண்ணை பக்கத்தில் இருந்து அப்பாவியாகத் தலையாட்டினார்.

அந்த அம்மா அண்ணையைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களுக்கு முன்னால் உட்கார்ந்தார். "ஐவைஸ் என்றால் முட்டை வெள்ளை. சரிதான். ஆனால் அது இன்னொன்றுக்கும் பெயர் — புரோட்டின்."

புரோட்டின்! அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். புரதம். பிள்ளைகளின் பால்மா ரின்னில் எழுதியிருக்குமே? டொக்டர் ஜனவரியில் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால்... ஏன், நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால்?

அவர் சொல்லச் சொல்ல நான் தமிழாக்கினேன்.

தன் தலைமயிரைப் பிடித்துக் காட்டினார் — இது ஐவைஸ். நகம், அதுவும். கன்னத்தைக் கிள்ளினார் — தோலை இழுத்துக் கட்டி வைத்திருப்பதும் அதுதான். எலும்புக்குள்ளும் நரம்புநாரிலும் அதே வகை. வீடு கட்டுகிற கம்பி மாதிரி. கையை மடக்கி நீட்டினார் — சதை சுருங்கி விரிகிறதே, அங்கே ஒன்றையொன்று பிடித்து இழுப்பதும் ஐவைஸ்.

பாண் துண்டைக் கொஞ்ச நேரம் மென்றால் இனிக்கும், கவனித்திருக்கிறீர்களா என்று கேட்டார். எச்சிலில் ஒரு ஐவைஸ் மாவை வெட்டிச் சீனியாக்குகிறது. வயிற்றில் வேறொன்று இறைச்சியை வெட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை. மாவை வெட்டுவது இறைச்சியைத் தொடாது. இரத்தத்தில் காற்றைச் சுமந்துகொண்டு ஓடுவது ஒன்று. காய்ச்சல் கிருமி வந்தால் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வது இன்னொன்று. செய்தி கொண்டு போவதற்கும் ஆள் உண்டு. "நீங்கள் காலையில் ஊசியில் போடுகிறீர்களே இன்சுலின்? அதுவும் ஐவைஸ்தான். சீனிக்குக் கதவைத் திற என்று உடம்புக்குப் போய்ச் சொல்வது அது."

இதைத் தமிழில் சொன்னதும் அண்ணை திடுக்கிட்டார்.

"அப்ப அந்த ஊசியையும் விடவேணுமோ?"

ஜனவரியில் அந்த வாளியின் பெயர் இன்சுலின் போத்தலிலும் எழுதியிருந்தால்? நான் அதையும் நிறுத்தச் சொல்லியிருப்பேன். இந்த மனுசன் அதையும் கேட்டிருப்பார். "இல்லையண்ணை! இல்லை! ஊசியை விடக்கூடாது!" என்று கத்திவிட்டேன். ஃபிராவ் கெஸ்லரே பயந்துபோனார்.

இத்தனை வகைக்கும் அடிப்படை இருபது விதமான சின்ன மணிகள்தானாம். கோர்க்கிற ஒழுங்கு மாற, மயிராகிறது, இரத்தத்தில் ஓடுகிறது, எச்சிலில் வெட்டுகிறது. எங்களுக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் பாருங்கள்.

பிறகு அண்ணையின் வீங்கிய காலைக் காட்டினார். இரத்தத்தில் ஒரு ஐவைஸ் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சிறுநீரகம் ஓர் அரிதட்டு. நல்ல அரிதட்டு அதை வெளியே விடாது. சீனி வருத்தத்தால் உங்கள் அரிதட்டில் ஓட்டை. ஐவைஸ் ஒழுகிப் போகிறது, அதனால்தான் நுரை. அது ஒழுகிப் போகத் தண்ணீர் காலில் தங்குகிறது.

"போகுதெண்டா கூடத்தானே சாப்பிட வேணும்?" அண்ணை கேட்டார். நியாயமான கேள்வி. திரேசா அக்காவின் சூப்பெல்லாம் அந்த நியாயத்தில்தான் கொதித்தது.

இல்லையாம். சாப்பிடுகிற ஐவைஸை உடம்பு பிரித்து எடுத்தபின் கழிவு மிஞ்சும். அதைக் கழுவுவதும் அதே சிறுநீரகம்தான். "களைத்துப்போன ஒருவரின் முன்னால் மேலும் மேலும் அழுக்குப் பாத்திரத்தை அடுக்குவீர்களா?"

நானும் வந்த புதிதில் கோப்பை கழுவினவன். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கடைசியில் அவர் குவிந்த தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். இறைச்சி போனது. ஒரு மீன் பாதியானது. பட்டாணி குறைந்தது. மேசையின் ஓரத்தில் கிடந்த முட்டையை எடுத்து, தட்டின் நடுவில் வைத்தார். கொஞ்சமாகத்தான் ஐவைஸ் சாப்பிடலாம் என்றால் அது நல்லதாக இருக்க வேண்டும். உடம்பு வீணாக்காமல் எடுத்துக்கொள்வது இது. அளவோடு சாப்பிடலாம்.

அதாவது, சாப்பிட்டிருக்கக்கூடியதை நிறுத்தினோம். நிறுத்த வேண்டியதையெல்லாம் சூப் வைத்தோம்.

வெளியே வரும்போது ஃபிராவ் கெஸ்லரிடம் ஒன்று கேட்டேன். வருத்தம் கூடினது இந்தச் சாப்பாட்டாலா? அவர் கண்ணாடியைக் கழற்றினார். பதினைந்து வருடச் சீனி, இரத்த அழுத்தம், எல்லாம் சேர்ந்துதான். இதில் சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆறுதலா அது? எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. இவ்வளவு என்று சொன்னால் அவ்வளவைச் சுமக்கலாம்.

ஊபான் நிலையத்தில் அண்ணை வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார். ரயில் வந்தது. நான் ஏறவில்லை. அவரும் ஏறவில்லை. 

சொல்லிவிட்டேன். வாளியைச் சொன்னேன், தாளைச் சொன்னேன். உள்ளே அவர் சிரித்துச் சொன்னதை நான் எப்படி மாற்றினேன் என்பதையும் சொன்னேன். ஐந்தாம் வகுப்பையும் சேர்த்துச் சொன்னேன். 

இன்னொரு ரயில் வந்து, போனது. கொடி போர்த்திய பெடியன்கள் கத்திக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் படியேறிப் போனபின் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"அப்ப... அஞ்சு மாசமாய் நான் முட்டை சாப்பிடாமல் கிடந்தது சும்மாவோ?"

"ஓமண்ணை."

"உயிர்ப்பு ஞாயிறு பாதர் கையால தந்தது. அதையும் வேண்டேல்ல."

"ஓமண்ணை."

"நல்லாயிருக்கு ஐசே உம்மட மொழிபெயர்ப்பு."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அடுத்த ரெர்மினுக்கு வேற ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை. படிச்ச பிள்ளையள் எத்தினை பேர் இருக்கினம்."

"ஏன், அதுகளும் ஒருக்காப் பிழை விட்டுத்தானே பழகுங்கள்? அதையும் என்ர கிட்னியிலயோ பழக்கிறது? நீர் விட்டு முடிச்சிட்டீர். நீரே வாரும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒண்டு. விளங்காட்டி விளங்கேல்லையெண்டு சொல்லும்."

"கூச்சமாயிருக்கும் அண்ணை."

"உமக்குக் கூச்சம். எனக்கு மெசின்."

மூன்றாவது ரயிலில் ஏறினோம். இறங்கும்போது சொன்னார், "திரேசாவுக்குச் சொல்லிப்போடாதையும். வாசல்படி மிதிக்க விடமாட்டா."

நானும் சொல்லாமல்தான் இருந்திருப்பேன். ஆனால் அன்று பின்னேரம் அந்தக் குசினியில் நடந்ததைப் பார்த்த பிறகு எப்படி இருப்பது?

அண்ணை புதுச் சாப்பாட்டு ஒழுங்கைச் சொன்னார். அக்கா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த எலும்பு ரசத்தைப் பார்த்தார். நெருப்பை அணைத்தார். பானையைத் தூக்கினார் — ஊற்றவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான்தானே... நான்தானே காச்சிக் காச்சிக் குடுத்தனான். மூண்டு நேரமும்."

"சும்மா இரும், திரேசா."

"என்ர கையாலயே..."

எனக்கு முன்னால் தேத்தண்ணி. அக்கா போட்டுத் தந்தது. ஒரு மிடறு குடித்திருந்தேன். சொல்லாமல் இருப்பதும் ஒரு பிழையான மொழிபெயர்ப்புத்தான். அன்றைக்கு மட்டும் அது இரண்டாவது. 

"அக்கா, சூப்பில பிழையில்லை. நான் சொன்னதில பிழை."

முழுக்கச் சொன்னேன். அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பானையை மெதுவாக இறக்கி வைத்தார்.

"அண்டைக்கு நான் கேட்டனான் எல்லே தம்பி? மீன் படம் கிடக்குதெண்டு கேட்டனான் எல்லே?"

"ஓமக்கா. கேட்டனீங்கள்."

அக்கா என் முன்னால் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு மாதம் அக்கா என்னோடு கதைக்கவில்லை. கோயிலில் கண்டால் கொடியில் காய்கிற துணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கேக் கடையில் முட்டை உடைக்கும்போது இப்போதெல்லாம் யோசனை ஓடுகிறது. பச்சையாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி வழிகிறது. அடித்தால் நுரைத்து நிற்கிறது. சூடு பட்டால் வெளுத்து இறுகிவிடுகிறது. திரும்பப் பச்சையாக்க முடியாது. கோர்த்த மணிச்சரம் சுருண்டு மடிந்திருந்தது குலைந்துவிட்டதாம் — மணிகள் அதேதான், வடிவம் போய்விட்டது. வடிவம் போனால் வேலையும் போய்விடுகிறது. 

இன்னொன்றும் தோன்றும். சுமப்பது, கட்டுவது, வெட்டுவது, காப்பது, செய்தி கொண்டு போவது — இத்தனை விதமான வேலைக்காரரை ஒரே வாளியில் ஊற்றி ஒரே பெயரை எழுதிவிட்டார்கள். எங்களையும் இந்த நாட்டில் அப்படித்தானே, 'வெளிநாட்டவர்' என்று ஒரு வாளி? உள்ளே யார் யார், என்னென்ன செய்கிறார்கள் என்று யார் பார்க்கிறார்கள்... வெளியே ஒழுகத் தொடங்கினால்தான் கால் வீங்குகிறது, கணக்கெடுக்கிறார்கள். 

சரி, களைத்த மூளை. எங்கெங்கோ போகிறது.

இந்த மாதத் தொடக்கத்தில் திரும்பவும் ரெர்மின். நானும் போனேன். 'விளங்கவில்லை' என்று ஒன்பது தடவை சொன்னேன் — அண்ணை விரல் மடித்து எண்ணினார். முதல் தடவை நாக்குப் புரளவில்லை. நாலாவது தடவை டொக்டரே கொம்பியூட்டரை விட்டுத் திரும்பி, தாளில் படம் கீறத் தொடங்கினார். ஏழாவது தடவை அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுசன் மெதுவாகக் கதைத்தால் எவ்வளவு நல்லவர்!

கணக்குகள் கூடவில்லை. குறையவுமில்லை. நின்ற இடத்தில் நிற்கின்றன. இப்போதைக்கு மெசின் வேண்டாம். ஒக்ரோபரில் ரொறன்ரோ போகலாம், திரும்பி வந்த உடனே தன்னிடம் வரவேண்டும் என்றார் டொக்டர். "போகலாமா" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்தினேன். பிறகு தமிழில் ஒரு தடவைதான் சொன்னேன். அண்ணை எழும்பி நின்று டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

முந்தநாள் ஞாயிறு பூசை முடிந்து அண்ணை வீட்டுக்குக் கூட்டிப் போனார். வாசல்படியில் நின்றேன். அக்கா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். கதவு மட்டும் திறந்திருந்தது.

குசினி மேசையில் அவித்த முட்டை ஒன்று, இரண்டாக வெட்டி, மிளகு தூவி வைத்திருந்தார். அண்ணையின் ஞாயிற்றுக்கிழமைப் பங்காம் அது. அக்கா மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன்னால் போட்டார்.

"பயணத்துக்கு மருந்து கொண்டு போறதைப் பற்றி வந்திருக்கு. வாசியும்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் சொல். வாசித்தேன். இன்சுலின் கையோடு கொண்டு போக வேண்டும், டொக்டரின் கடிதத் துண்டு வேண்டும். மூன்றாவது வரியில் வந்து நின்றேன்.

"இந்த ஒரு சொல் எனக்கு விளங்கேல்ல அக்கா. கேட்டுத்தான் சொல்ல வேணும்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப சரி," என்றார். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

கை கழுவக் குளியலறைக்குப் போனேன். கண்ணாடித் தட்டில் மஞ்சள் போத்தல் திரும்ப வந்து நிற்கிறது — படத்தில் ஒரு முட்டை.